ஐ.டி. ஆஃபர், குரூப் 4, ட்ரெய்னி வேலை: அக்கா மகளுக்காகப் போட்ட கணக்கு

புதுமைப் பெண் திட்டத்தில் அக்கா மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திட்டத்தை விரித்ததே 2024 டிசம்பர் கடைசியில்தான் என்பதால், கல்லூரியின் பின்பாதியில்தான் அவளுக்குக் கிடைத்தது. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ரீசார்ஜ், ஜெராக்ஸ், பஸ் செலவு என்று எதற்கும் வீட்டில் கை நீட்டாமல் ஒன்றரை வருடம் ஓட்டினாள். கடைசி செமஸ்டரோடு அது நின்றது. அடுத்த மாதம் எனக்குப் போன் வந்தது. “மாமா, ரீசார்ஜ் முடிஞ்சிருச்சு. அப்பாகிட்ட கேக்க ஒரு மாதிரியா இருக்கு.”

பிள்ளை படித்து முடித்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்திருக்கிறாள். கவுன்சிலிங்கில் கிடைத்த தனியார் கல்லூரி. முதல் பட்டதாரி சலுகையில் வருடம் 25,000 கழிந்தது, மீதிக்கு வங்கியில் கல்விக் கடன், மொத்தம் 3 லட்சம். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கட்டணம் முழுவதையும் அரசே கட்டியிருக்கும். அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சுவரின் விலை எங்கள் வீட்டுக்கு 3 லட்சம். சரி, அது பழைய கதை.

இப்போது அவள் முன்னால் இருப்பவை மூன்று. ஒன்று, கேம்பஸில் கிடைத்த ஐ.டி. சர்வீஸ் நிறுவன ஆஃபர்: வருடம் 3.36 லட்சம், சென்னை, சேரும் தேதி “பின்னர் தெரிவிக்கப்படும்”. இரண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ட்ரெய்னி வேலை, மாதம் 17,000. மூன்று, வீட்டிலிருந்து டி.என்.பி.எஸ்.சி. படிப்பது, இது அத்தானின் விருப்பம். அவர் சிவகாசி அச்சகம் ஒன்றில் கட்டிங் மெஷினில் முப்பது வருடமாக நிற்பவர். உட்கார்ந்து பார்க்கும் வேலையின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்?

கணக்கு போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் 2008-இல் மெக்கானிக்கல் முடித்தவன். அன்றைக்கு எனக்கும் ஒரு ஆஃபர் லெட்டர் இருந்தது. உலகமே மந்தத்தில் விழுந்த வருடம் அது, கூப்பிடவில்லை. ஆறு மாதம் “ஜாயினிங் வந்துரும்” என்று ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். அப்புறம் கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் 6,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். அங்கே எட்டு மாதம் ஓடியபின் ஐ.டி.காரர்கள் கூப்பிட்டார்கள், போனேன், இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். ஆக, இரண்டு பக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு. படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளவும்.

எங்கே சம்பளம் அதிகம் என்று பார்ப்பதுதான் வழக்கம். நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். இது சரிப்படவில்லை என்று இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தால், கையில் என்ன இருக்கும்? நன்றாக நடந்தால் மூன்றுமே நல்ல வழிதான். நடக்காமல் போகும்போதுதான் ஒன்றுக்கொன்று உள்ள தூரம் தெரிகிறது.

ஐ.டி. ஆஃபர்

முதலில் அந்த 3.36 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். பன்னிரண்டால் வகுத்தால் 28,000. ஆனால் அதற்குள் நிறுவனம் நம் பெயரில் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அடக்கம். நம் பங்கு பி.எஃப். தனியாகப் போகும். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது. கூட்டிக் கழித்தால் கைக்கு 22,000, மிஞ்சிப் போனால் 23,000. இந்தத் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹாஸ்டல் வாடகை அப்படி நிற்கவில்லை.

சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கம் நான் விசாரித்த பெண்கள் ஹாஸ்டல்களில் சாப்பாட்டோடு 8,500 சொன்னார்கள். போக்குவரத்து, போன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, துணி என்று 4,000. ஊருக்கு வந்து போக 1,500. கையில் 22,500 வந்தால் செலவு போக 8,500 நிற்கும். தாம்பரம், கூடுவாஞ்சேரி பகுதிகளில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. பாதுகாப்பான இடம், இடம் கிடைத்தால் பாக்கியம். ஆனால் அங்கிருந்து ஓ.எம்.ஆருக்குத் தினமும் போய் வருவது தனிக் கூத்து.

இதில் பெரிய கோளாறு சம்பளத்தில் இல்லை. தேதியில் இருக்கிறது. 2022-இல் முடித்த பிள்ளைகள் பலர் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்ததும், கடைசியில் சேர்ந்தவர்களில் சில நூறு பேர் பயிற்சித் தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பப்பட்டதும் செய்திகளில் வந்தவைதான். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆஃபர் லெட்டர் வந்த அன்று அத்தான் தெருவுக்கே லட்டு கொடுத்தார். லட்டு தீர்ந்துவிட்டது, தேதி வரவில்லை.

அதே சமயம், சேர்ந்துவிட்டால் இந்த வழியில் வெளியேறுவதுதான் மூன்றிலும் எளிது. இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால் யு.ஏ.என். எண்ணில் பி.எஃப். பதிவு, அனுபவச் சான்று, ஆளை எதிரே வைத்துத் தயங்காமல் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசும் பழக்கம், சென்னையில் நாலு தெரிந்த முகம் எல்லாம் இருக்கும். கம்பெனி மாறும்போதுதான் இந்தத் துறையில் சம்பளம் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ப்ராஜெக்ட் எதுவும் கிடைக்காமல் பெஞ்சில் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் பி.எஃப். பதிவில் அது வேலைதான்.

வீட்டிலிருந்து டி.என்.பி.எஸ்.சி.

இதைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் அதிகம் பேசினோம். கொஞ்சம் சத்தமாகவும் பேசினோம்.

அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குரூப் 4-இல் தேர்வாகும் இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேர்ந்தால் எடுத்த எடுப்பிலேயே 30,000-ஐத் தாண்டும். ஐ.டி. ஆஃபரைவிட இது அதிகம் என்பதைச் சென்னைக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. ஊர்ப் பக்கத்தில் வேலை கிடைத்தால் ஹாஸ்டல் செலவும் இல்லை. தேர்வும் ஒன்றே ஒன்று: 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். நேர்முகம் கிடையாது, தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் கிடையாது. பாதிக் கேள்விகள் தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள்.

அவளுக்குச் சாதகமான இன்னொன்றும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பொறியியல் ஆங்கிலத்தில் படித்ததால் அது தனக்கு இல்லை என்று நினைத்திருந்தாள். அந்த வேலைக்கு என்ன தகுதி கேட்கிறார்களோ, ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுவரை தமிழில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு. அதனால் குரூப் 4-இல் அவளுக்கு அந்த முன்னுரிமை பொருந்தும், பட்டம் கேட்கும் குரூப் 2-இல் பொருந்தாது. இதைச் சொன்னதும் அத்தான் முகம் மலர்ந்தது. நான் அவர் கட்சி என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது மறுபக்கம். 2025 குரூப் 4 அறிவிப்பில் 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.9 லட்சம். இடங்களைப் பின்னால் கூட்டினார்கள், இரண்டு லட்சம் பேருக்கு மேல் தேர்வுக்கு வரவே இல்லை, வந்தவர்களிலும் சும்மா எழுதிப் பார்த்தவர்கள் பாதி இருப்பார்கள். எல்லாம் கழித்தாலும் ஓர் இடத்துக்கு நூற்றுக்கு மேல் ஆள். அந்த நூற்றில் முதலில் வருகிறவர் நான்கு வருடமாகத் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் நூலகத்திலும் ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகங்களைத் தேய்த்தவராக இருப்பார்.

என்னை யோசிக்க வைத்தது போட்டி இல்லை, காலண்டர். 2019 செப்டம்பர் 1-இல் குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24. நடுவில் கொரோனா. அந்த மூன்று வருடத்தில் படித்துக்கொண்டே இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? 2022-இல் எழுதியவர்களுக்கு முடிவு வந்தது 2023 மார்ச்சில். அதே 2022-இல் மே மாதம் குரூப் 2 முதல்நிலை எழுதியவர்கள் முதன்மைத் தேர்வு முடிவைப் பார்த்தது 2024 ஜனவரியில். இப்போது வேகம் கூடியிருக்கிறது: 2024-இலும் 2025-இலும் குரூப் 4 முடிவுகள் நான்கு மாதம் முன்பின்னாக வந்துவிட்டன. வருடாந்திரத் திட்ட அட்டவணையும் போடுகிறார்கள். ஆனாலும் தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, பணி ஆணை என்று ஒரு சுற்று முடிய ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இந்தக் காலண்டரைக் கல்விக் கடனின் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியான தொழிற்படிப்பாக இருந்து, நேரத்தில் விண்ணப்பித்திருந்தால் அதுவரையான வட்டியை மத்திய அரசு மானியமாகக் கட்டும். அத்தான் அதை ஒழுங்காகச் செய்திருந்தார். அதன்பின் 3 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டால் மாதம் ஏறத்தாழ 3,965 ரூபாய். அதாவது முதல் வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்க வங்கியே இடம் கொடுக்கிறது. இரண்டாம் வருடம் அந்த இடத்தைக் கொடுப்பது அத்தானின் கட்டிங் மெஷின்.

இரண்டு வருடம் கழித்துக் கிடைக்காமல் வெளியே வந்தால் கையில் என்ன? பொது அறிவு இருக்கும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வங்கித் தேர்வு, ரயில்வே, எஸ்.எஸ்.சி. பக்கம் திரும்பலாம். ஆனால் இ.சி.இ. கதவு பாதி சாத்தியிருக்கும். ஃப்ரெஷர் வேலை விளம்பரங்களில் பலவற்றில் முதல் வரியே எந்த ஆண்டு முடித்தவர்கள் என்பதுதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைக்கட்டும், தப்பில்லை. பட்டதாரிகளுக்கு ஐந்து வருடம் காத்திருந்தபின் கிடைக்கும் 600 ரூபாய் உதவித்தொகை மட்டும் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா கோபித்தாலும் பரவாயில்லை. பையன் வீட்டில் இருந்து படித்தால் “டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறான்” என்பார்கள். பெண் வீட்டில் இருந்து படித்தால் எட்டாவது மாதம் ஜாதகம் கேட்டு ஆள் வரும். “படிச்சுக்கிட்டே இருக்கட்டும், நல்ல இடமா வந்தா பாப்போம்” என்று அக்கா ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டாள். அந்த வாக்கியத்தில் “படிச்சுக்கிட்டே” என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

ட்ரெய்னி வேலை

17,000 என்றதும் அத்தான் உதட்டைப் பிதுக்கினார். “இதுக்கா எஞ்சினியரிங்?” என்றார்.

பிடித்தம் போகக் கைக்கு 15,400 அளவுக்கு வரும். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. உண்டு, அவளுடைய பங்கு 0.75 சதவீதம்தான், இந்தச் சம்பளத்துக்கு 128 ரூபாய். கம்பெனி பஸ், வேலை நேரத்தில் கேன்டீன் சாப்பாடு. நாலு பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் பங்கு 3,000, மற்ற வேளைச் சாப்பாட்டுக்கு 3,000, போன், ஊர்ப் பயணம் 2,500. மிச்சம் 6,900. ஐ.டி.யில் மிச்சம் 8,500 என்று பார்த்தோம். கைக்கு வரும் சம்பளத்தில் 7,100 வித்தியாசம். மாதக் கடைசியில் அது 1,600 ஆகச் சுருங்கிவிடுகிறது. காகிதத்தில் இதை எழுதிக் காட்டியபோது நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

வேலை கஷ்டம்தான். ஆறு நாள், ஷிஃப்ட், பாதி நேரம் நின்றுகொண்டே. ஆனால் அவள் படித்ததோடு நேரடித் தொடர்புள்ளது இது ஒன்றுதான். மூன்றாம் வருடம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனபோது சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்.எம்.டி. லைனைப் பார்த்துவிட்டு வந்து, போர்டில் சோல்டர் பேஸ்ட் அச்சாவதையும், மிளகைவிடச் சிறிய காம்பொனென்ட்டுகளை மெஷின் பொறுக்கி வைப்பதையும் அத்தானிடம் ஒரு மணி நேரம் விவரித்தாள். “நம்ம அச்சு மெஷின் மாதிரியே இருக்குல்ல” என்று அவர் கேட்டாராம். உண்மையிலேயே அது ஸ்கிரீன் பிரிண்டிங்தான்.

கவனிக்க வேண்டியவை இதில்தான் அதிகம். முதலாவது, ஆஃபரில் இருப்பது ட்ரெய்னியா அப்ரண்டிஸா? அப்ரண்டிஸ் என்றால் 1961 சட்டத்தின் கீழ் ஒரு வருடப் பயிற்சி. பட்டதாரிகளுக்கு 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை 9,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, சட்டப்படி அவர் தொழிலாளியே அல்ல, முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. தரமணியில் இருக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் வழியாக அரசுப் போக்குவரத்துக் கழகம், நெய்வேலி போன்ற இடங்களில் சேர்பவர்களுக்கு நல்ல அனுபவம் கிடைக்கலாம். ஆனால் அதைச் சம்பள வேலை என்று நினைத்துச் சேரக் கூடாது. அவளுக்கு வந்தது ட்ரெய்னி, கம்பெனி ரோல், அதாவது கம்பெனியே நேரடியாக எடுப்பது. கான்ட்ராக்டர் ரோல் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அடையாள அட்டையில் யார் பெயர், சம்பளச் சீட்டில் யார் பெயர் என்று எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கச் சொன்னேன்.

அடுத்து பாண்ட். பதினெட்டு மாதம், இடையில் விலகினால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. “அதெல்லாம் கோர்ட்ல நிக்காது மாமா, யூடியூப்ல சொன்னாங்க” என்றாள். அப்படி அலட்சியமாக இருக்க முடியாது. விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே அரசு வங்கி, அதிகாரி வேலை, எல்லாவற்றுக்கும் அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் கையெழுத்து என்பது கையெழுத்துதான். தொகையைப் பார், உன்னால் கட்ட முடியுமா என்று பார், அப்புறம் போடு என்றேன். மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் மட்டும் கும்பிடு போட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். காட்டலாம், சரிபார்க்கலாம், நகல் எடுக்கலாம். விட்டுவிட்டு வரக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருத்தனின் ஒரிஜினலை ஒரு சின்னக் கம்பெனி பூட்டி வைத்துக்கொண்டு, அவனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் நேரத்தில் ஆறு வாரம் அலையவிட்டது.

இங்கிருந்து இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தால் கையில் என்ன? ஐ.டி.யில் கிடைக்கும் அதே பி.எஃப். பதிவு, அனுபவச் சான்று. கூடவே லைனில் ரிஜெக்ஷன் ஏறினால் எங்கே தேட வேண்டும் என்ற கைப்பழக்கம். ஓசூர், ஒரகடம் என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இடங்கள் இருக்கின்றன. ஐ.டி.க்குள் நுழைவது கொஞ்சம் கடினமாகலாம். ஆனால் பம்ப் கம்பெனியில் எட்டு மாதம் கழித்துவிட்டு உள்ளே போன என்னைப் பயிற்சி வகுப்பில் யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு உறைக்கவில்லை.

எம்.இ.

இதை நடுவில் அவள் தோழி ஒருத்தி கிளப்பிவிட்டாள். எம்.இ. சேர்வதற்கான கேட் தேர்வை எழுதித் தேறிப் போனால் மாதம் 12,400 உதவித்தொகை உண்டு, மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அப்படியென்றால் நல்ல வழி. வேலை கிடைக்காததால் கேட் இல்லாமல் தனியார் கல்லூரியில் எம்.இ. சேர்வது, இருக்கும் கேள்வியை இரண்டு வருடம் தள்ளிப்போட்டு அதற்குக் கட்டணமும் கட்டுவது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

சேர்த்துச் செய்ய முடியாதா?

அக்காவின் யோசனை இது. “வேலைக்குப் போய்க்கிட்டே பரீட்சைக்குப் படிக்கட்டுமே?” சொல்வது சுலபம். ஓ.எம்.ஆரில் போக வர இரண்டு மணி நேரம், ஒன்பது மணி நேர வேலை, ராத்திரி கிளையன்ட் கால். அப்புறம் புத்தகத்தை எடுத்தால் இரண்டாவது பக்கத்தில் தூக்கம் வரும். என்னோடு வேலை பார்த்தவர்களில் அப்படிப் படித்து அரசு வேலைக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். தொழிற்சாலை ஷிஃப்டில் ஒரு வசதி உண்டு: லைனை ஒப்படைத்துவிட்டு வந்தால் வேலை கூடவே வராது. முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு அறைக்கு வருகிறவளுக்கு மாலை முழுக்க அவளுடையது. உடம்பு களைத்திருக்கும், தலை அவ்வளவு களைத்திருக்காது. குரூப் 2-க்கு அது போதாது. குரூப் 4-இன் தமிழ்ப் பகுதிக்கு, அதாவது பாதி மதிப்பெண்ணுக்கு, பள்ளிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஓரளவு ஈடு கொடுக்கலாம்.

என் யோசனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னேன். ஐ.டி. ஆஃபரை ஒப்புக்கொண்டு விடு, அதற்குக் காசு செலவில்லை. செப்டம்பர் வரை வீட்டிலிருந்து குரூப் 4-க்குப் படி. காத்திருக்கும் நேரம் எப்படியும் போகத்தானே போகிறது. அதற்குள் தேதி வராவிட்டால் ட்ரெய்னி வேலைக்குப் போ. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்ட பெருமை எனக்கு. அத்தானும் தலையாட்டினார், அவருக்குச் செப்டம்பர் வரைக்குமாவது கிடைத்ததே.

அவள் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, செப்டம்பர்ல போறேன்னா அந்தக் கம்பெனி எனக்காக இடத்தை வச்சுக்கிட்டு இருக்குமா?”

இருக்காது. ஜூலை 1-ஆம் தேதி சேர வேண்டும் என்று லெட்டரில் தெளிவாக இருந்தது. நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏறத்தாழ இருபது வருடத்துக்கு முன்னால் வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தவன், அவளையும் மூன்று மாதம் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நீங்க எழுதுனதுல தேதி இருக்கறது இது ஒண்ணுதான். ஐ.டி.ல தேதி இல்ல, பரீட்சைல எனக்குக் கெடைக்கிற தேதி இல்ல. நான் இதுக்குப் போறேன். அவங்க கூப்பிட்டா அப்ப பாண்ட் காச எண்ணிப் பாப்போம்.”

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபம் என்று நினைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து தமிழ்ப் புத்தகங்களோடு வந்தார். அச்சகத்துக்கு எடுத்துப் போய் ஓரத்தை வெட்டி, ஐந்தையும் ஒன்றாகத் தைத்துக் காலிகோ ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியில் இடம் அடைக்காதாம்.

ஸ்ரீபெரும்புதூரில் அறை பார்க்கும் வேலை எனக்கு. முதல் ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடுமாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், தெருவிளக்கு எரிகிற தெருவாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.